நிலத்துக்குச் செல்லாத கையெழுத்து

(பெண்ணாடத்தில் மே மாதம் இளைஞர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். சில இடங்களைச் சுருக்கியிருக்கிறேன். பேச்சின் போக்கை மாற்றவில்லை.)

 

மே மாதம் வந்தால் நம் பக்கத்துச் சுவர்களில் முள்ளிவாய்க்கால் சுவரொட்டி வந்துவிடும். கல்லூரியில் படிக்கிற காலத்தில் நானும் ஒட்டியிருக்கிறேன். பசை வாளியைத் தூக்கிக்கொண்டு ராத்திரியில் அலைந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்தச் சுவரொட்டிகளில் பெரும்பாலும் ஒரு பெண் இருப்பாள். தலைமுடி கலைந்து, மடியில் ஒரு பிள்ளையோடு, வானத்தைப் பார்த்துக் கதறிக்கொண்டிருப்பாள். 2009 மே 18 போர் முடிந்த நாள். மே 19 காலையில் அந்தப் பெண் எங்கே கண் விழித்தாள்? மடியில் இருந்த பிள்ளைக்கு எதைக் கொடுத்தாள்? அந்தப் பிள்ளைக்கு இன்று பதினேழு பதினெட்டு வயதாவது இருக்கும். எங்கே படித்தது, படித்ததா? ஒவ்வொரு வருடமும் அதே படத்தை ஒட்டினோமே தவிர, இதை நாம் கேட்டுக்கொண்டதில்லை. இன்றைக்குக் கேட்கலாம் என்றுதான் வந்திருக்கிறேன்.

அந்தக் காலையில் அவள் ஏதோ ஒரு சோதனைச் சாவடியின் வரிசையில் நின்றிருப்பாள். அடுத்த சில நாட்களில் வவுனியாவுக்குப் பக்கத்தில் செட்டிக்குளத்தில், மெனிக் பாம் என்று சொல்லப்பட்ட முள்வேலி முகாமுக்குள் போயிருப்பாள். ஏறத்தாழ 3 லட்சம் பேரை அப்படி முகாம்களில் அடைத்து வைத்திருந்தார்கள். மெனிக் பாமை முழுவதுமாக மூடியது 2012 செப்டம்பரில். கடைசியாக வெளியே வந்தவர்கள் முல்லைத்தீவு மாவட்டம் கேப்பாப்புலவு மக்கள். அவர்களையும் சொந்த ஊருக்கு அனுப்பவில்லை. ஊரில் இராணுவம் முகாம் போட்டிருந்தது. பக்கத்தில் காட்டை வெட்டி உருவாக்கிய ஓர் இடத்தில் இறக்கிவிட்டு, அதற்கு மீள்குடியேற்றம் என்று பெயர் வைத்தார்கள்.

கணவனை இழந்த பெண்கள் எத்தனை பேர்? 2010-இல் இலங்கை அரசின் துணை அமைச்சர் ஒருவரே சொன்ன கணக்கு, வடக்கிலும் கிழக்கிலும் சேர்த்து 89,000. கணவன் காணாமல் ஆக்கப்பட்டவர்கள், விட்டுவிட்டுப் போனவன், சிறையில் இருப்பவன் என்று எல்லாக் குடும்பங்களையும் சேர்த்து, 'பெண் தலைமைத்துவக் குடும்பங்கள்' என்று ஒரு சொல்லைக் கொண்டுவந்தார்கள். நிறுவனங்களின் அறிக்கைகளில் இது நிறைய வரும். தலைமை என்ற சொல்லைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள். அந்தத் தலைமைக்கு எதில் கையெழுத்துப் போட உரிமை இருந்தது என்று பார்த்தால்தான் விஷயம் புரியும்.

இதில் சிறுமிகளின் கதை தனி. போரின் கடைசி ஆண்டுகளில் வன்னியில் வீட்டுக்கு ஒருவர் என்று இயக்கம் கட்டாயமாக ஆள் சேர்த்தது. கல்யாணம் ஆனவர்களைப் பிடிப்பதில்லை என்று ஒரு நம்பிக்கை இருந்தது. அதனால் பெற்றோர் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு அவசர அவசரமாகத் தாலி கட்டி வைத்தார்கள். வயது போதாது, பதிவாளர் அலுவலகமும் இயங்கவில்லை, எனவே பதிவு இல்லை. பிறகு அந்தப் பையன் ஷெல்லடியில் செத்துப்போகிறான், அல்லது ஓமந்தைச் சோதனைச் சாவடியில் கூட்டிக்கொண்டு போனவன் திரும்பவில்லை. கையில் குழந்தையோடு நிற்கும் அந்தப் பெண்ணுக்கு வயது பதினெட்டு. அவளிடம் கல்யாணச் சான்றிதழும் இல்லை, இறப்புச் சான்றிதழும் இல்லை. சட்டத்தின் கண்ணில் அவள் மனைவியும் கிடையாது, கைம்பெண்ணும் கிடையாது. ஊரின் கண்ணில் மட்டும் அவள் கைம்பெண். சுபகாரியத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். அந்த வழக்கம் நமக்குத் தெரியாததா என்ன, கடலைத் தாண்டியும் நாம் பத்திரமாகக் கொண்டுபோன சொத்துகளில் அதுவும் ஒன்று.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் மனைவிமார் நிலை இன்னும் சிக்கல். உதவி கேட்டுப் போனால் இறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். வாங்கினால் கணவன் செத்துவிட்டான் என்று அவளே ஒப்புக்கொண்டதாகிவிடும். தேடச் சொல்லிக் கேட்கும் உரிமை போய்விடும். இறந்தார் என்று சொல்லாமல் 'காணவில்லை' என்று மட்டும் சொல்லும் ஒரு சான்றிதழுக்குச் சட்டம் வந்ததே 2016-இல்தான். போர் முடிந்து ஏழு வருடம். ஏழு வருடத்தில் ஒரு குழந்தை பிறந்து இரண்டாம் வகுப்புக்குப் போய்விடும்.

இப்போது நிலத்துக்கு வருகிறேன். வட இலங்கைத் தமிழர்களுக்குச் சொத்து விஷயத்தில் தேசவழமை என்று தனிச் சட்டம் உண்டு. ஒல்லாந்தர் காலத்தில், 1707 வாக்கில் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி அதைத் தொகுத்தார். இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, கல்யாணமான பெண் தன் பெயரில் உள்ள காணியை, அவளுக்குச் சீதனமாக வந்த காணியாகவே இருந்தாலும், விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் காணாமல் போய்விட்டால்? நீதிமன்றத்துக்குப் போய் அவன் சம்மதம் இல்லாமலே செய்ய அனுமதி வாங்க வேண்டும். முல்லைத்தீவில் ஓலைக் குடிசையில் இருப்பவள் வக்கீல் வைத்து வழக்குப் போட்டு அனுமதி வாங்கி, அதற்குப் பிறகு தன் காணியைத் தொட வேண்டும். அரசு கொடுத்த காணி என்றால் அனுமதிப்பத்திரம் பெரும்பாலும் கணவன் பெயரில். 1935-ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் வாரிசு வரிசையில் மகளுக்கு முன்னால் மகனை வைத்திருந்தார்கள், அண்மையில்தான் திருத்தினார்கள்.

தேசவழமை பற்றி நம் மேடைகளில் 'தமிழரின் மரபுவழிச் சட்டம்' என்று பெருமையாகப் பேசுவார்கள். அந்தத் தொகுப்பில் அடிமைகளைப் பற்றியும் ஒரு பகுதி இருக்கிறது என்பதைச் சொல்ல மாட்டார்கள். கோவியர், சாண்டார், நளவர், பள்ளர் என்று சாதி பெயர் சொல்லி, யார் யாருக்கு அடிமை, அடிமையின் பிள்ளை யாருக்குச் சேரும் என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். 1844-இல் அடிமை முறையை ஒழித்தபோது அந்தப் பகுதி செத்துப்போனது. பெண்ணின் காணியைக் கணவன் கையெழுத்தில் கட்டிப்போடும் ஏற்பாடு, பிற்காலத் திருத்தங்களையும் தாண்டி, உயிரோடு இருக்கிறது. ஒரே புத்தகத்தின் இரண்டு அத்தியாயங்கள் இவை. யாரிடம் நிலம் இருக்கலாம், யார் யாருக்குச் சொந்தம் என்று முடிவு செய்த ஒரே கைதான் இரண்டையும் எழுதியது. பெண் விடுதலையும் சாதி ஒழிப்பும் வேறு வேறு வேலை என்று நினைக்கிற தோழர்கள் இதை ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

காணி இருப்பவளுக்கே இந்தக் கதி. காணியே இல்லாதவள் என்ன செய்வாள்?

1990-இல் யாழ்ப்பாணம் வலிகாமம் வடக்கை உயர் பாதுகாப்பு வலயம் என்று இராணுவம் எடுத்துக்கொண்டது. எல்லாச் சாதியாரும்தான் இடம்பெயர்ந்தார்கள். வேறு ஊரில் காணி இருந்தவர்கள், கொழும்பிலும் கனடாவிலும் சொந்தம் இருந்தவர்கள் ஒவ்வொருவராக முகாமை விட்டு வெளியேறினார்கள். இருபது வருடம், இருபத்தைந்து வருடம் கழித்தும் மல்லாகம், சுன்னாகம் பக்கத்து முகாம்களில் தங்கிப்போனவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். முகாமில் பிறந்து, முகாமில் பூப்பெய்தி, முகாமிலேயே பிள்ளை பெற்ற பெண்கள் அங்கே இருந்தார்கள். போர் எல்லோரையும் ஒன்றாக்கிவிட்டது, குண்டுக்குச் சாதி தெரியாது என்று சொல்வார்கள். குண்டுக்குத் தெரியாமல் இருக்கலாம். முகாமை விட்டுப் போகிற பாதைக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

வன்னியில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் நமக்கு இன்னும் நெருக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சி, சேலம், தஞ்சாவூர், இந்தத் தென்னார்க்காடு என்று பல மாவட்டங்களிலிருந்து மலையகத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களின் பேரப்பிள்ளைகள். பெரும்பகுதி பறையர், பள்ளர், சக்கிலியர். 1948-இல் குடியுரிமையைப் பறித்தார்கள். 1964-இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். 1977 கலவரத்தில் அடித்து விரட்டப்பட்டவர்களில் பலர் வன்னிக்கு வந்து காட்டை வெட்டிக் குடியேறினார்கள். காடு வெட்டியவர்கள் அவர்கள், காணி உறுதி மட்டும் அவர்கள் பெயரில் இல்லை. வன்னியிலும் அவர்களைத் 'தோட்டக்காட்டான்' என்றுதான் அழைத்தார்கள். போரில் அவர்கள் பிள்ளைகளும் செத்தார்கள், மாவீரர் என்று விளக்கும் ஏற்றினார்கள். போர் முடிந்து வீட்டுத்திட்டம் வந்தபோது முதல் கேள்வி, காணிக்கு ஆவணம் இருக்கிறதா?

அந்த வீட்டுத்திட்டத்தில் நம் பங்கும் உண்டு. இந்திய அரசு 50,000 வீடுகள் அறிவித்தது. வடக்கு கிழக்கில் ஒரு வீட்டுக்கு 5,50,000 இலங்கை ரூபாய் மானியம். பயனாளியே கட்டிக்கொள்ள வேண்டும். தவணை தவணையாகப் பணம் வரும். நல்ல திட்டம்தான், குறை சொல்லவில்லை. வீட்டில் ஆண் இருந்தால் அவனே மண் சுமப்பான், மச்சானோ மாமனோ கொத்து வேலைக்கு வருவார்கள். தனியாக இருக்கும் பெண் மேசனுக்கும் கூலி கொடுக்க வேண்டும், மணலுக்கும் காசு கொடுக்க வேண்டும். மானியம் போதாமல் கூரை நிற்கும். அடுத்த தவணை வேண்டுமானால் கூரையை முடித்தாக வேண்டும். அப்போது வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும்.

இனிமேல் நான் சொல்லப் போவது உங்கள் எல்லோருக்கும் தெரியும். இங்கே இருக்கிற பாதிப் பேர் வீட்டில் அம்மா ஏதோ ஒரு குழுவில் இருப்பார். வாரத்தில் ஒரு நாள் காலை ஏழரை மணிக்கு யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையில் கூடுவார்கள். கலெக்ஷன்காரத் தம்பி வருவார், வயது இருபத்து மூன்று இருக்கும், பாவம், அவருக்கும் டார்கெட். ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். கட்டுகிறவரைக்கும் யாரும் எழுந்து போகக்கூடாது. வன்னியிலும் அச்சு அசலாக இதேதான். அங்கே நுண்கடன் என்பார்கள்.

கவனியுங்கள். சொந்தக் காணியை விற்க அவள் கையெழுத்து மட்டும் போதாது, கணவன் கையெழுத்து வேண்டும். கடன் வாங்க? ஒரு கையெழுத்து, பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரின் உத்தரவாதம், ஒரு போட்டோ. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். நிலத்துக்குச் செல்லாத கையெழுத்து கடனுக்கு மட்டும் செல்லுபடியாகிறது. இதைத்தான் 'பெண்களை வலுப்படுத்தல்' என்று பதாகை கட்டிச் சொன்னார்கள்.

2018 செப்டம்பரில், வெளிநாட்டுக் கடனும் மனித உரிமையும் பற்றிய ஐ.நா. சுயாதீன நிபுணர் யுவான் பாப்லோ போஹோஸ்லாவ்ஸ்கி இலங்கைக்கு வந்தார். ஆண்டுக்கு 220 சதவீதம் வரை வட்டி போனதைச் சொன்னார். கடன் வசூலிக்க வருகிறவர்களில் சிலர் பணத்துக்குப் பதிலாக உடலைக் கேட்டதையும் பதிவு செய்தார். அதே ஆண்டு இலங்கை அரசு, ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்டுக் கடன் வாங்கிக் கட்ட முடியாமல் இருந்த பெண்களுக்குத் தள்ளுபடி அறிவித்தது. எந்தக் காரணம் சொல்லி என்று நினைக்கிறீர்கள்? வறட்சி. வறட்சி பாதித்த 12 மாவட்டங்கள் என்றார்கள். போர் என்ற சொல் வரவில்லை. மழை பெய்யாததுதான் அவர்கள் கடனுக்குக் காரணம் போலும்.

இயக்கத்தில் இருந்த பெண்களுக்குப் 'புனர்வாழ்வு' கொடுத்தார்களே, அதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஏறத்தாழ 12,000 பேரைப் புனர்வாழ்வு முகாம்களில் வைத்திருந்தார்கள். அதில் பெண்கள் 2,000-க்கும் மேல். படகு ஓட்டியவர்கள், காயத்துக்குத் தையல் போட்டவர்கள், வரைபடம் படிக்கத் தெரிந்தவர்கள் அதில் இருந்தார்கள். அவர்களுக்குத் தையல், கேக் செய்வது, அழகுக்கலை சொல்லிக்கொடுத்தார்கள். அந்த இயக்கத்தின் அரசியலில் எனக்கு நிறைய விமர்சனம் உண்டு, சிறுபிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனதை நான் ஒருநாளும் நியாயப்படுத்த மாட்டேன். அது வேறு. ஒரு பெண்ணுக்கு என்ன தெரியும் என்று கேட்காமலே அவள் கையில் ஊசியைக் கொடுப்பது மறுவாழ்வு ஆகாது. ஊருக்குத் திரும்பியதும் அவளுக்குக் கிடைத்தது ஆடைத் தொழிற்சாலை ஷிப்டு, அதோடு ஊர்க்காரர்களின் சந்தேகம்.

சரி, இழப்புக்கு ஆளான ஒரு பெண்ணுக்கும் பிள்ளைகளுக்கும் அரசு எதைத் தர வேண்டும்? இதற்குப் பதில் தேடி நான் வெகுதூரம் போகவில்லை. நம்மிடமே இருக்கிறது. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், அதன் 1995-ஆம் ஆண்டு விதிகள், 2016-இல் செய்த திருத்தம். விதி 12, உட்பிரிவு 4. கொலை போன்ற கொடிய வன்கொடுமையில் ஒருவரை இழந்த குடும்பத்துக்கு, ரொக்க நிவாரணம் தவிர, கைம்பெண்ணுக்கோ சார்ந்திருப்பவருக்கோ மாத ஓய்வூதியம், குடும்பத்தில் ஒருவருக்கு வேலை, விவசாய நிலம், வீடு, பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு வரை முழுச் செலவு என்று அங்கே எழுதியிருக்கிறது. மூன்று மாதத்துக்கு அரிசி, பருப்பு, பாத்திரம் வரை எழுதியிருக்கிறார்கள். யாரோ உட்கார்ந்து, எரிந்துபோன ஒரு குடிசையைக் கண்முன் நிறுத்திப் பார்த்து எழுதிய வரிகள் அவை. வெண்மணியிலிருந்து எத்தனையோ சேரிகளின் சாம்பல் அதற்குள் இருக்கிறது. அந்தப் பட்டியலில் கடன் என்ற சொல்லே இல்லை.

காகிதத்தில் இருப்பது கைக்கு வருவது வேறு கதை. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டை. 2003 ஜூலையில் முருகேசனையும் கண்ணகியையும் விஷம் கொடுத்துக் கொன்றார்கள். தண்டனை வந்தது 2021-இல். உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்து, முருகேசனின் பெற்றோருக்கு 5 லட்சம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது 2025 ஏப்ரலில். இருபத்திரண்டு வருடம். ஆனாலும் அந்தக் குடும்பத்துக்குக் கேட்க ஒரு சட்டம் இருந்தது, கொலைக்குச் சாதிதான் காரணம் என்று சொல்லவும் ஒரு சட்டம் இருந்தது. வன்னிப் பெண்ணுக்கு அதுவும் இல்லை. இழப்பீட்டு அலுவலகம் அமைக்கச் சட்டம் வந்தது 2018-இல், அதுவும் பெரும்பாலும் ஒருமுறை கொடுத்துக் கணக்கை முடிக்கும் தொகையாகவே பேசப்பட்டது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் வேண்டாம் என்று மறுத்தார்கள். பிள்ளை எங்கே என்பதுதான் அவர்கள் கேள்வி. 2017 பிப்ரவரி 20-இல் கிளிநொச்சி கந்தசாமி கோயிலுக்கு முன்னால் அவர்கள் உட்கார்ந்தார்கள். அந்தப் போராட்டத்தில் இருந்த முதிய தாய்மார் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள்.

அழுகிற பெண்ணின் படம் மட்டும் போதாது என்று முதலில் சொன்னேன் அல்லவா. நாம் ஒட்ட வேண்டிய படங்கள் வேறு இருக்கின்றன. 2017 ஜனவரி கடைசி நாளில் கேப்பாப்புலவு, பிலக்குடியிருப்புப் பெண்கள் விமானப்படை முகாம் வாசலில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார்கள். பனியில், தார்ப்பாய்க்குக் கீழே. பிள்ளைகள் அங்கேயே பாடம் படித்தார்கள். ஒரு மாதம் கழித்து, மார்ச் 1-இல், காணியை விட்டுக்கொடுத்தார்கள். 2018 ஏப்ரலில் இரணைதீவு மக்கள் படகுகளில் வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டு, கடற்படை வைத்திருந்த தங்கள் தீவுக்குத் தாங்களே போய் இறங்கினார்கள். 1992-இல் விட்டுப் போன தீவு. 2021-இல் பொலநறுவை மாவட்டம் ஹிங்குராக்கொடையில் நுண்கடனுக்கு எதிராகப் பல வாரங்கள் பந்தல் போட்டு உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் சிங்களப் பெண்கள். அந்தப் பந்தலைப் பற்றித் தமிழ்நாட்டில் யாரும் பேசவில்லை. நம் கதைக்கு அது பொருந்தவில்லை போலிருக்கிறது. கடன்காரன் வாசலில் நிற்கும்போது முல்லைத்தீவுப் பெண்ணுக்கும் பொலநறுவைப் பெண்ணுக்கும் பெண்ணாடத்துப் பெண்ணுக்கும் வயிற்றில் வருகிற பயம் ஒன்றுதான்.

கடைசியாக நம் மாவட்டம். ஈழத்திலிருந்து வந்தவர்களின் முகாம்கள் கடலூர் மாவட்டத்திலும் இருக்கின்றன. 2021-இல் தமிழ்நாடு அரசு அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது, 317 கோடி ரூபாய் ஒதுக்கி, 7,469 வீடுகள் கட்டுவதாகச் சொன்னது. வீடுகள் வந்தன, வரவேற்கிறேன். ஆனால் வீட்டுக்குப் பட்டா கிடையாது, குடியுரிமையும் கிடையாது. 2019-இல் கொண்டுவந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயரே இல்லை. 1987 ஜூலைக்குப் பிறகு இங்கே பிறந்த பிள்ளைக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்தால்தான் பிறப்பு வழிக் குடியுரிமை. திருச்சி கொட்டப்பட்டு முகாமில் இருந்த ஒரு பெண், அந்தத் தேதிக்கு முன்னால் பிறந்திருந்ததால், நீதிமன்றத்துக்குப் போய்ப் போராடி 2024 தேர்தலில் முதன்முறையாக வாக்களித்தார். அவருக்குப் பின்னால் பிறந்தவர்கள் இன்ஜினியரிங் முடித்துவிட்டுப் பெயிண்ட் அடிக்கப் போகிறார்கள். அந்த முகாம்களில் கணிசமான பேர், நான் சற்று முன்பு சொன்ன மலையக வழியினர். இந்த மண்ணிலிருந்து கூலியாகப் போய், இந்த மண்ணுக்கே அகதியாகத் திரும்பியவர்கள். அவர்களுக்கு இங்கே சாதிச் சான்றிதழ் கூடக் கிடைப்பதில்லை. சேரியில் இருந்தால் ஊர்க்காரர் தருகிற அடையாளம் ஒன்று உண்டு, அதற்கு மட்டும் சான்றிதழ் தேவைப்படுவதில்லை.

அடுத்த மே மாதம் சுவரொட்டி ஒட்டுவதற்கு முன்னால், நம் மாவட்டத்து முகாம் ஒன்றுக்கு நான்கைந்து பேராகப் போய்வரலாம் என்று தோழர்கள் பேசியிருக்கிறோம். மேடை, மைக் எதுவும் வேண்டாம். யாருக்கு எந்த ஆவணம் இல்லை, எந்தப் பிள்ளை எந்த வகுப்போடு நின்றது என்று உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும். உள்ளே போக வருவாய்த் துறை அனுமதி வேண்டும், அதற்கான மனுவை எழுதி வைத்திருக்கிறேன். வர விரும்புகிறவர்கள் பெயர் கொடுங்கள். விதி 12(4)-ஐத் தமிழில் நான்கு பக்கமாக அச்சடித்து அந்த மேசைமேல் வைத்திருக்கிறோம். கூடவே, 2025-இல் தமிழ்நாடு சட்டமன்றம் வலுக்கட்டாயக் கடன் வசூலுக்கு எதிராக இயற்றிய சட்டத்தைப் பற்றி ஒரு பக்கம். இரண்டையும் எடுத்துக்கொண்டு போய் அம்மாவிடம் கொடுங்கள். அடுத்த கலெக்ஷன் நாளைக்கு முன்னால் கொடுத்துவிடுங்கள்.